முந்தைய நாள் என்ன வேலை செய்தீர்கள்?

ஆஸ்பத்திரியே குரூப் டிஸெபிலிட்டி (நோயோ விபத்தோ வந்து வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் தருகிற காப்பீடு) கொடுக்கும்போது தனி பாலிசி எதற்கு, ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தண்டம் அழுவது எதற்கு? அமெரிக்கத் தமிழ் டாக்டர்கள் கூடுகிற இடங்களில் காப்பி நேரத்துப் பேச்சாக இது எப்போதும் உண்டு. இந்த வருடம் அது மேடையிலேயே காதில் விழுந்தது. முதலீடு பற்றிப் பேச வந்த ஒருவர் போகிற போக்கில் சொன்னார்; கூட்டம் கை தட்டியது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து நியூ ஜெர்ஸியில் டாக்டர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் வக்கீல்களுக்கும் ஓன் ஆக்குபேஷன் பாலிசி, அதாவது சொந்தத் தொழிலைச் செய்ய முடியாமல் போனால் பணம் தருகிற பாலிசி, எழுதி வந்தவன் நான்; சுருக்கமாக ஓன் ஆக் என்போம். ஆயுள் காப்பீடு, ஆன்யுட்டி என்று சுலபமாகப் பணம் வருகிற வேலைகள் பக்கத்திலேயே இருந்தும் இதை விட்டு நகர்ந்ததில்லை. இந்த வருடத்தோடு லைசென்ஸை முடித்துக்கொள்கிறேன். போவதற்கு முன் இந்தத் தொழிலுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதிவிட வேண்டும் என்று அந்தக் கைதட்டலைக் கேட்டபோதுதான் முடிவு செய்தேன்.

கமிஷனை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். முதல் வருடப் பிரீமியத்தில் பெரிய பங்கு ஏஜென்ட்டுக்குத்தான் போகிறது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பிரீமிய விகிதம் மாநில இன்சூரன்ஸ் துறையில் பதிவான விகிதம். அதே பாலிசியை அதே சலுகையோடு யாரிடம் வாங்கினாலும் அதே தொகைதான். ஏஜென்ட்டைத் தவிர்ப்பதால் உங்களுக்கு ஒரு டாலரும் மிச்சமாகாது. அந்தத் தொகைக்கு வேலை தெரிந்தவரைப் பிடிக்கிறீர்களா, தெரியாதவரைப் பிடிக்கிறீர்களா என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

இனி குரூப் பாலிசி. எலும்பு அறுவை செய்கிற ஒருவர் வருடம் 4,80,000 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 40,000. குரூப் பாலிசி 60 சதவீதம் என்று சொல்லும், அதாவது 24,000. அடுத்த வரியிலேயே மாத உச்சவரம்பு 15,000 என்று இருக்கும். அந்த 60 சதவீதத்தையும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கிடுவார்கள். செய்த கேஸ்களுக்காக வருகிற போனஸ் அதில் சேராது. பிரீமியத்தை ஆஸ்பத்திரி கட்டியதால் கைக்கு வருகிற பணத்துக்கு வருமான வரி உண்டு. வரி போக 12,000 சொச்சம் மிஞ்சும். சோஷியல் செக்யூரிட்டியில் ஏதாவது கிடைத்தால் அதையும் இதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். மார்ட்கேஜும் பிள்ளைகளின் காலேஜும் ஓடுகிற வீட்டில் 40,000 இருந்த இடத்தில் 12,000. நீங்கள் வரி கட்டிய பணத்திலிருந்து பிரீமியம் செலுத்திய தனி பாலிசி என்றால் வருகிற தொகைக்கு ஃபெடரல் வரி கிடையாது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் கோர்ட்டில் தெரியும். வேலை கொடுப்பவர் வழியாக வந்த குரூப் பாலிசி பெரும்பாலும் ஊழியர் சலுகைத் திட்டங்களுக்கான 1974-இன் எரிசா சட்டத்துக்குள் போய்விடும். (அரசு ஆஸ்பத்திரி, சர்ச் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு விலக்கு உண்டு, அதனால் வேலை கொடுப்பவர் யார் என்பதையே நான் முதலில் கேட்பேன்.) 1987-இல் பைலட் லைஃப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: எரிசாவுக்குள் வருகிற பாலிசியில் கம்பெனி கெட்ட எண்ணத்தோடு பணத்தை மறுத்தது என்று மாநிலச் சட்டத்தின்படி நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஜூரியும் கிடையாது. நீதிபதி பொதுவாகக் கம்பெனியின் க்ளெய்ம் கோப்பில் ஏற்கெனவே இருப்பதை மட்டுமே பார்ப்பார். ஜெயித்தாலும் முதலிலேயே தந்திருக்க வேண்டிய பணமும், நீதிபதி மனது வைத்தால் வட்டியும் வக்கீல் செலவும்தான். தனி பாலிசி மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஜூரியின் முன்னால் நிற்கிறது. ஒரு க்ளெய்மை மறுக்கலாமா என்று மேஜையில் யோசிக்கிற அதிகாரிக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மேடையில் பேசியவர் இதைச் சொல்லவில்லை.

தனி பாலிசி என்று முடிவு செய்தாகிவிட்டது. எல்லாரும் ஓன் ஆக் தருகிறார்கள். விலையைப் பார்த்து வாங்கிவிடலாம். இது அடுத்த தலைமுறை ஏஜென்ட்டுகளே சொல்வது. எல்லாரும் தருவதில்லை. விழித்திரை அறுவை செய்கிற ஒரு டாக்டருக்குக் கையில் நடுக்கம் வந்துவிட்டது. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே இனி அவரால் கருவியைப் பிடிக்க முடியாது. ஆனால் பேசலாம், படிக்கலாம், நோயாளியைப் பரிசோதிக்கலாம். மெடிக்கல் ஸ்கூலில் பாடம் நடத்தப் போகிறார், வருடம் 2 லட்சம் டாலர் சம்பளம். அசல் ஓன் ஆக் பாலிசி இருந்தால் மாதத் தொகை முழுதாக வரும். மெடிக்கல் ஸ்கூல் சம்பளத்தைக் கம்பெனி கணக்கில் எடுக்காது. டிரான்சிஷனல் வகை என்றால் இரண்டும் சேர்ந்து பழைய வருமானத்தை எட்டும் வரைதான், தாண்டினால் வெட்டு. மாடிஃபைட் என்றால் வேறு எந்த வேலைக்கும் போகாமல் வீட்டில் இருந்தால்தான் முழுத் தொகை. பாடம் நடத்தப் போன அன்றே நின்றுவிடும். முதல் 24 மாதம் உங்கள் தொழில், பிறகு உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருந்துகிற எந்தத் தொழிலும் என்பது நாலாவது வகை. குரூப் பாலிசிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். 25-ஆவது மாதம் அவர் கையில் எதுவும் இருக்காது. விற்கிறவர் வாயில் நாலும் ஓன் ஆக்தான்.

இன்று டாக்டர்களுக்கு அசல் ஓன் ஆக் எழுதுகிற பெரிய கம்பெனிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்: கார்டியன், மாஸ்மியூச்சுவல், பிரின்சிபல், அமெரிட்டாஸ், ஸ்டாண்டர்ட். சிலவற்றில் அந்த வரையறை பாலிசியோடு வரும். சிலவற்றில் தனி ரைடராக, அதாவது கூடுதல் ஷரத்தாக, பணம் கொடுத்துச் சேர்க்க வேண்டும். ஏஜென்ட் விலை ஒப்பிடுகிற கம்ப்யூட்டர் திரையில் வருகிற குறைந்த விலை பல நேரம் அந்த ரைடர் சேராத விலை. நான்-கேன்சலபிளா, வெறும் கேரண்டீட் ரினியூவபிளா என்பதையும் திரை சின்ன எழுத்தில்தான் காட்டும். முதலாவதில் பிரீமியத்தைக் கம்பெனி ஏற்ற முடியாது. இரண்டாவதில் ஒரு வகுப்பு முழுவதற்கும் ஏற்றலாம்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் க்ளெய்ம் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. விற்கிறவர் பக்கம் அவர் இருந்ததே இல்லை. பணத்தைக் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கிற மேஜையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். ஓய்வுக்குப் பிறகு நான் சேர்ந்திருந்த ஏஜென்சிக்கு வாரம் ஒரு முறை வந்து புதியவர்களுக்குப் பாலிசி படிக்கக் கற்றுக் கொடுத்தார். மற்றவர்கள் நாலு வகுப்போடு நின்றுவிட்டார்கள். நான் அவர் வருவதை நிறுத்திய நாள் வரைக்கும் போய் உட்கார்ந்தேன்.

பாலிசியைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வைப்பார். முதலில் விலக்குகள், பிறகு வரம்புகள், பிறகு ரைடர்கள், அதன் பிறகே வரையறைகள், எல்லாம் முடிந்து முதல் பக்கத்துத் தொகை. "முதல் பக்கத்தை எழுதுகிறவர் வேறு ஆள், கடைசிப் பக்கத்தை எழுதுகிறவர் வேறு ஆள். நான் யாருடைய பேச்சைக் கேட்டு வேலை செய்தேன் என்று நினைக்கிறீர்கள்?" என்பார். பிறகு என்னை டாக்டராக உட்கார வைத்து அவர் பரிசோதகராகக் கேள்வி கேட்பார். உங்கள் தொழில் என்ன? ஆர்த்தோபீடிக் சர்ஜன் என்பேன். "அது நீங்கள் படித்த படிப்பு. தொழில் என்ன?" அறுவை செய்கிறேன் என்பேன். "நோய் வந்ததாகச் சொல்கிறீர்களே, அதற்கு முந்தைய நாள் என்ன வேலை செய்தீர்கள்? எத்தனை மணிக்குக் கையுறை போட்டீர்கள்? எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள்? இரண்டுக்கும் நடுவில் எந்தக் கோடுக்குப் பில் போட்டீர்கள்?" என்னால் பதில் சொல்ல முடியாது. "சர்ஜன்களாலும் முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைத் திறப்பார்.

அவர் வேலை பார்த்த காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய பாலிசியின் ஒரு வரியும் விளங்காது. எண்பதுகளில் கம்பெனிகள் டாக்டர்களைப் பிடிக்கப் போட்டி போட்டன. அசல் ஓன் ஆக், உயிரோடு இருக்கும் வரை தொகை, என்றைக்கும் ஏறாத பிரீமியம் என்று வாரிக் கொடுத்தன. வட்டி விகிதம் உயரத்தில் இருந்ததால் கணக்கு சரியாக வருவதாகத் தெரிந்தது. வட்டி இறங்கியது. தொண்ணூறுகளில், சிகிச்சையையும் கட்டணத்தையும் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகள் கட்டுப்படுத்துகிற மேனேஜ்டு கேர் வந்து டாக்டர்களின் வருமானத்தையும் சுதந்திரத்தையும் சேர்த்துக் குறைத்தது. தொழில் கசந்த நேரத்தில் முதுகு வலியோடு இன்னும் பத்து வருடம் ஓட்டலாமா, பாலிசியைக் கையில் எடுக்கலாமா என்ற கேள்வி பலருக்கும் வந்தது. க்ளெய்ம்கள் குவிந்தன. கம்பெனிகள் பெரும் நஷ்டத்தில் விழுந்தன; பல இந்த வியாபாரத்தையே விட்டு ஓடின. பிராவிடென்ட் 1997-இல் பால் ரிவியரை வாங்கியது; 1999-இல் யூனமோடு இணைந்தது. அந்த நிறுவனத்தின் க்ளெய்ம் நடைமுறைகளை மாநில அதிகாரிகள் விசாரித்து, 2004-இல் 15 மில்லியன் டாலர் அபராதம் விதித்து, மறுத்த பழைய க்ளெய்ம்களைத் திரும்பப் பரிசீலிக்க வைத்தார்கள். இந்த அம்மா இரண்டு பக்கத்தையும் பார்த்தவர். டாக்டர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்றோ, கம்பெனி எல்லாமே அநியாயம் செய்தது என்றோ அவர் ஒருநாளும் சொல்லவில்லை. காகிதம் இல்லாத டாக்டர் தோற்றார் என்று மட்டும் சொன்னார்.

இங்கேதான் இந்தத் தொழிலின் முள் இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு இதை நான் பல முறை சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. பாலிசி வாங்கும்போது விண்ணப்பத்தில் சர்ஜன் என்று எழுதினீர்கள். அதனால் நீங்கள் என்றைக்கும் சர்ஜனாகவே காப்பீடு ஆகியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறீர்கள். வரையறையைப் படியுங்கள். இயலாமை தொடங்குகிற நேரத்தில் நீங்கள் வழக்கமாகச் செய்துகொண்டிருந்த தொழில் எதுவோ, அதுதான் உங்கள் தொழில். கார் விபத்தில் கை போனால் இதில் குழப்பமே இல்லை. நேற்று அறுவை செய்தார், இன்று முடியாது. ஆனால் சர்ஜன்களின் கையையும் கழுத்தையும் எடுத்துக்கொண்டு போகிற நோய்கள் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. கழுத்து டிஸ்க், கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம், நடுக்கம், கண்ணின் மையப் பார்வை மங்குவது, எல்லாம் வருடக் கணக்கில் வருகின்றன. டாக்டர் என்ன செய்வார்? மனிதர் எவரும் செய்வதைத்தான். கடினமான கேஸ்களை இளைய பார்ட்னருக்குத் தள்ளுவார். அறுவை நாளை மூன்றிலிருந்து இரண்டாக்குவார். துறைத் தலைவர் பதவி வந்தால் ஏற்றுக்கொள்வார். நோயாளிக்கு ஆபத்து வரக் கூடாது என்ற மனசாட்சியில் இதையெல்லாம் செய்வார், யாரிடமும் சொல்லாமல்.

என் வாடிக்கையாளர் ஒருவருக்கு அப்படியே நடந்தது. முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றுகிறவர். கழுத்திலிருந்து வலது கைக்கு வலி இறங்க ஆரம்பித்ததும் பெரிய மூட்டுகளை விட்டுவிட்டு மணிக்கட்டு அறுவையும் ஊசி போடுவதுமாக இறங்கினார். நிர்வாகம் பாதி நேரத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது வருடம் எம்ஆர்ஐ பார்த்த நியூரோசர்ஜன், போதும், இனி தியேட்டருக்குள் போகாதீர்கள் என்று சொன்னார். க்ளெய்ம் போட்டோம். கம்பெனி கேட்ட முதல் காகிதம், போன 12 மாதத்தின் சிபிடி கோடு (செய்த சிகிச்சைக்குப் பில் போடுகிற எண்) அறிக்கை. இரண்டாவது காகிதம், அவருடைய காலண்டர். இரண்டையும் வைத்து ஒரு கடிதம் வந்தது: உங்கள் தொழில், நிர்வாகப் பொறுப்போடு கூடிய அலுவலக ஆர்த்தோபீடிக்ஸ், அதன் முக்கிய வேலைகளை உங்களால் இன்னும் செய்ய முடிகிறதே.

தொலைபேசியில் அவர் குரல் உடைந்துவிட்டது. "சார், நோயாளிக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு கேஸைக் குறைச்சேன். அதையே எனக்கு எதிரா எழுதிட்டாங்களே."

அந்தக் க்ளெய்மைக் காப்பாற்றியது என் கோப்பு. பெருமையாகவே சொல்கிறேன். அந்த அம்மாவிடம் கற்றதன்படி, ஒவ்வொரு நவம்பரிலும் என் டாக்டர்களிடம் மூன்று காகிதம் கேட்டு வாங்குவேன்: அந்த வருடத்தின் கோடு அறிக்கை, ஒரு சாதாரண வாரத்தின் நேர அட்டவணை, வேலை ஒப்பந்தத்தில் ஏதாவது மாறியிருந்தால் அதன் நகல். சலித்துக்கொள்வார்கள். விடமாட்டேன். அந்த டாக்டரின் கோப்பில் எல்லா வருடக் காகிதங்களும் வரிசையாக இருந்தன. பெரிய மூட்டுகளின் எண்ணிக்கை சரிய ஆரம்பித்த மாதமும், அவர் முதன்முதலில் நியூராலஜிஸ்டைப் பார்த்த மாதமும் ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. அவர் தொழிலை மாற்றிக்கொள்ளவில்லை, இயலாமை அப்போதே தொடங்கிவிட்டது என்று தேதியைப் பின்னால் நகர்த்தி வாதிட்டோம். அந்தத் தேதியில் அவர் வாரம் மூன்று நாள் மூட்டு மாற்றுகிறவர்.

தேதியைப் பின்னால் நகர்த்தினால் அடுத்த சிக்கல் வரும்: இவ்வளவு நாள் ஏன் அறிவிக்கவில்லை? இழப்பு தொடங்கிய 20 அல்லது 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லியிருக்கும், முடியாவிட்டால் நியாயமாக எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் என்று ஒரு வாசல் திறந்திருக்கும். அந்த வாசல் வழியாகத்தான் வக்கீல் நுழைந்தார். குறைந்த வருமானத்தோடு வேலை செய்த காலத்துக்கு ரெசிடுவல் ரைடர். அங்கேயும் ஒரு பள்ளம். ரெசிடுவலுக்கு 15 அல்லது 20 சதவீத வருமான இழப்பைக் காட்ட வேண்டும். ஆனால் ஜனவரியில் செய்த அறுவைக்கு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி மே மாதம் பணம் அனுப்பும். வந்த பணத்தை வைத்துக் கணக்கிட்டால் கேஸ் குறைந்த பிறகும் பல மாதம் வருமானம் குறையாதது போலவே தெரியும். செய்த வேலையை வைத்துக் கணக்கிட்டால் உடனே தெரியும். எந்த முறையில் கணக்கிடுவது என்பது பாலிசிக்குள் எங்கோ ஒரு வரியில் இருக்கும். நான் விற்ற பாலிசியில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. பணம் வந்தது, விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து வந்தது.

தமிழர்களிடம் விற்பதில் தனிப்பட்ட சிரமங்கள் உண்டு. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஒண்ணும் ஆகலைன்னா பணம் திரும்ப வருமா?" ஊரில் மணி பேக் பாலிசி பார்த்து வளர்ந்த பழக்கம். வராது. வருகிற மாதிரி ரைடர்கள் இருந்த காலத்திலும் நான் அவற்றைப் பரிந்துரைத்ததில்லை. அந்தக் கூடுதல் பிரீமியத்தில் மாதத் தொகையை உயர்த்துவது நல்லது.

அடுத்தது சர்க்கரை. ஆயுள் காப்பீடு கொடுக்கிறவர்களைவிட இந்தக் கம்பெனிகள் உடம்பைக் கூர்ந்து பார்க்கும். செத்துப் போவதைவிட நோயோடு நெடுநாள் வாழ்வதுதான் இவர்களுக்குச் செலவு. நம் ஆட்களுக்கு முப்பத்தைந்திலேயே ஏ1சி ஏறிவிடுகிறது. சக டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தில் இல்லை என்று டிக் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துக் கடைப் பதிவு கம்பெனிக்குப் போகும். பழைய விண்ணப்பங்களின் குறிப்பு, காப்பீட்டுக் கம்பெனிகள் பகிர்ந்துகொள்கிற எம்ஐபி பதிவேட்டில் இருக்கும். முதல் இரண்டு வருடத்துக்குள் க்ளெய்ம் வந்தால் விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் தோண்டுவார்கள். ஏமாற்று என்று நிரூபிக்க முடிந்தால் பல பாலிசிகளில் இரண்டு வருடம் கடந்தும் விடமாட்டார்கள். நான் அப்படிப்பட்ட விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மறுத்து வாடிக்கையாளரை இழந்திருக்கிறேன். அவர் வேறு யாரிடமோ போய் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது, ஊருக்குத் திரும்புகிற ஆசை. பல பாலிசிகளில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே வசித்தால் 12 மாதத்தோடு தொகை நின்றுவிடும். நோய் வந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறவர் வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜே-1, எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். யாரிடம் போவது என்று தெரியாமல் வரிசையாக விண்ணப்பம் போடக் கூடாது.

வரிசையாக விண்ணப்பம் போடுவது என்றதும் என் கோபம் எழுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளின் ரெசிடென்ட்களுக்கு மருத்துவக் கேள்வி இல்லாமல் பாலிசி தருகிற ஏற்பாடு பல இடங்களில் உண்டு, ஜிஎஸ்ஐ என்போம். சர்க்கரை, மன அழுத்தத்துக்குச் சிகிச்சை, பழைய முதுகு அறுவை என்று எது இருந்தாலும் கிடைக்கும். முக்கியமான நிபந்தனை ஒன்று, இதற்கு முன் தனி விண்ணப்பம் போட்டு மறுக்கப்பட்டிருந்தால் பல ஜிஎஸ்ஐ-களின் கதவு மூடிவிடும். ரெசிடென்சியில் கவுன்சலிங் போன ஒரு பெண் டாக்டர் என்னிடம் வந்தார். அவருக்கு எட்டும் தூரத்தில் அவருடைய ஆஸ்பத்திரியின் ஜிஎஸ்ஐ இருந்தது. ஆனால் அதற்கு முன்பே ஓர் ஏஜென்ட் அவருடைய விவரங்களைத் திரையில் தட்டி ஒரு கம்பெனிக்கு முழு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். மறுத்துவிட்டார்கள். ஜிஎஸ்ஐ-யும் போயிற்று. எந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறீர்கள், அங்கே இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று முதலில் கேட்டிருந்தால் போதும். அந்தப் பெண்ணுக்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

பெண் டாக்டர்களுக்குப் பிரீமியம் ஆண்களைவிட மிகவும் அதிகம் என்பதையும் திரை காட்டும். ஆண் பெண் வித்தியாசம் இல்லாத விகிதம் ஆஸ்பத்திரிச் சலுகை வழியாகக் கிடைக்கக்கூடும் என்பதை அது தானாகக் காட்டாது. கேட்டு வாங்க வேண்டும். இதைக் கேட்காமல் விற்கிறவர் தன் வேலையைச் செய்யவில்லை என்றே சொல்வேன்.

என் வாடிக்கையாளர்களை ஓர் இளைஞருக்குக் கைமாற்றிக் கொடுக்கிறேன். புத்திசாலி, சுறுசுறுப்பு, டாக்டர்களிடம் மரியாதையாகப் பேசுவார். கோப்புகளைப் பார்த்ததும் "அங்கிள், ஒரு கேஸுக்கு இவ்வளவு பேப்பரா?" என்றார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்றார், நல்லது, செய்யட்டும். நவம்பர் வேலையை மட்டும் விடக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறேன். அதற்கு அவர் ஓர் ஆன்லைன் படிவம் தயார் செய்து எனக்கு அனுப்பினார். பெயர், மின்னஞ்சல், அதற்குக் கீழே தொழில் என்று ஒரு பெட்டி. அழுத்தினால் பட்டியல் விரிகிறது: சர்ஜன், அனஸ்தீஷியாலஜிஸ்ட், ரேடியாலஜிஸ்ட், பல் மருத்துவர். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பு என்று அழுத்தினால் வேலை முடிந்தது. கோடு அறிக்கையைச் சேர்க்க இடமே இல்லை. அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள், போன வாரம் திங்கள் காலை முதல் வெள்ளி மாலை வரை மணிக்கு மணி என்ன செய்தார் என்று அவரே எழுத ஒரு முழுப் பக்கம் விடுங்கள், அறிக்கையை இணைக்காமல் படிவம் போகக் கூடாது என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மாற்றித் தந்த பிறகு மிச்சக் கோப்புகளைக் கொடுப்பேன்.